காதால் படித்தவை

சென்ற ஆண்டு நம் வலக்கண்ணில் ஒரு சிறு அறுவை மருத்துவம் செய்ய நேர்ந்தது. ஆறு வாரங்கள் எதையும் படிக்கக் கூடாது என்றார் மருத்துவர். விடைத்தாள் திருத்தலாமா என்று கேட்டதற்குச் சிரித்தாரே ஒழிய விடை சொல்லவில்லை. நாளிதழின் தலைப்பைக்கூட மனைவி வாசிக்கக் கேட்கும் நிலை. இரண்டாம் நாளே வீட்டில் நம்மைப் பொறுக்க முடியாமற் போயிற்று. மாணவர் ஒருவர் இரக்கப்பட்டு வந்து, கைபேசியில் ஒலிநூல்கள் சிலவற்றை இறக்கித் தந்தார்.

ஒலிநூல் என்றால் நமக்கு அதுவரை ஓர் இளக்காரம் உண்டு. கேட்பது படிப்பாகாது என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறோம். ஆறு வாரத்தில் நாம் கேட்டவை, திட்டமிடாமலே, மூன்று வகையாக அமைந்தன: திகில் கதைகள், சமய நூல்கள், இசையைப் பற்றிய நூல்கள். மூன்றும் காதில் ஒரே விதமாக விழவில்லை. ஒன்று அச்சிற் படித்ததைவிடச் சிறந்தது. ஒன்று முற்றிலும் வேறு நூலாகவே ஆனது. மற்றொன்று நம்மைப் பாதி வழியில் விட்டுவிட்டது. ஏன் இப்படி என்று எண்ணிப் பார்த்தபோது, பேசும் நூலின் வரலாற்றிலேயே அதற்கான விடை இருப்பதாகப் பட்டது.

முதலிற் கேட்டது பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’. 1897இல் வெளிவந்த இந்நாவலை இளமையில் படித்திருக்கிறோம். பற்களும் சவப்பெட்டியும்தாம் நினைவில் இருந்தன. இப்போது காதில் பட்டது வேறு. கதையில் வரும் மனநல மருத்துவர் சீவர்ட் தம் நாட்குறிப்பை எழுதுவதில்லை. ஃபோனோகிராஃபின் மெழுகு உருளைகளிற் பேசி வைக்கிறார். அவர் காதலித்த லூசி இறந்த செய்தியும் அவ்வுருளைகளில்தான் இருக்கிறது. லூசியின் தோழி மீனா அவற்றைக் கேட்கிறாள். கேட்டுவிட்டு, இந்தக் கருவி கொடுமையான அளவுக்கு உண்மை பேசுகிறது, உங்கள் நெஞ்சின் வேதனை குரலோடு வந்துவிடுகிறது, இதை இனி ஒருவரும் கேட்கலாகாது என்னும் பொருள்படச் சொல்லி, அனைத்தையும் தட்டச்சு செய்து விடுகிறாள். எழுத்து இங்கே ஒரு திரை. மனிதனின் மானத்தைக் காக்கும் திரை. பின்னர் டிராகுலா அவ்வீட்டுக்குள் நுழைந்து உருளைகளை நெருப்பிலிடும்போது மெழுகு உருகித் தீயை வளர்க்கிறது. தட்டச்சுப் படி ஒன்று மட்டும் பெட்டகத்தில் தப்புகிறது. குரல் வெந்து போக, எழுத்து எஞ்சுகிறது.

இன்னொரு நுட்பமும் அங்கே உண்டு. மாதக்கணக்கில் நாட்குறிப்பைப் பேசி வைத்த சீவர்ட், அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேட வேண்டுமானால் எப்படித் தேடுவது என்று தாம் நினைத்துப் பார்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் உணர்கிறார். ஒலிநூலின் குறை இன்றுவரை இதுவே. சீவர்ட் சொன்ன இந்த இடத்தை மீண்டும் கேட்பதற்காக நாமே கைபேசியை முன்னும் பின்னுமாக அரை மணி நேரம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

2012இல் பல நடிகர்கள் சேர்ந்து வாசித்த பதிப்பு ஒன்றை ஆடிபிள் நிறுவனம் வெளியிட்டது. சீவர்டின் பகுதியை ஆலன் கம்மிங் வாசிக்கிறார். நல்ல நடிகர், குரல் உடையும் இடத்தில் உடைகிறது. ஆனால் ஒரு வேடிக்கையை எண்ணிப் பாருங்கள்: எந்தக் குரலை இனி யாரும் கேட்கக் கூடாது என்று மீனா தட்டச்சு செய்தாளோ, அந்தக் குரலை நடித்துக் காட்டி விற்கிறார்கள், நாமும் வாங்கிக் கேட்கிறோம்.

எடிசன் ஃபோனோகிராஃபை உருவாக்கியது 1877இல். மறு ஆண்டு ‘நார்த் அமெரிக்கன் ரிவ்யூ’ இதழில் அதன் எதிர்காலப் பயன்களை அவரே பட்டியலிட்டார். இன்று படித்தால் வியப்பாக இருக்கும். முதலில் கடிதம் சொல்லிப் பதிதல். இரண்டாவதாகப் பார்வையற்றோர்க்குப் பேசும் நூல்கள். மூன்றாவது பேச்சுக்கலைப் பயிற்சி. அதன் பின்னரே இசை. இறப்போரின் கடைசிச் சொற்களைப் பாதுகாப்பதும் பட்டியலில் உண்டு. பத்து அங்குலச் சதுரத் தகடு ஒன்றில் 40,000 சொற்கள் கொண்ட நூல் அடங்கிவிடும் என்றும் கணக்கிட்டார். கணக்கு அப்போதைக்குப் பலிக்கவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மெழுகு உருளையில் இரண்டு முதல் நான்கு நிமிடத்துக்கு மேல் எதுவும் அடங்கவில்லை. நூல் அடங்காது, பாட்டு அடங்கும். கருவி பாட்டுப்பெட்டி ஆனதற்கு மனிதரின் விருப்பம் பாதிக் காரணம் என்றால், இந்த நிமிடக் கணக்கு மறுபாதி.

இறந்தோரின் குரல் பற்றி ஒன்று. கவிஞர் ராபர்ட் பிரௌனிங் 1889 ஏப்ரலில் நண்பர் வீட்டு விருந்தில் எடிசன் கருவியின் முன் தம் கவிதை ஒன்றைச் சொல்லத் தொடங்கி, இடையில் வரி மறந்து, மன்னிப்புக் கேட்டு நிறுத்திவிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் காலமானார். மறு ஆண்டு அவர் நினைவு நாளில் அன்பர்கள் கூடி அந்த உருளையை ஓடவிட்டுக் கேட்டார்கள். கூடியிருந்தோர்க்கு எப்படி இருந்திருக்கும்! தம் பாட்டையே மறந்து தடுமாறும் ஒரு மனிதர், இறந்து ஓராண்டு கழித்தும் அதே இடத்தில் தடுமாறுகிறார். டிராகுலா வெளிவர அப்போது இன்னும் ஏழாண்டு இருந்தது. பதிவுக் கருவி பிறந்தபோதே திகில் கதையின் உறுப்பாகத்தான் பிறந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

திகில் கதையோ கருவி வருமுன்பே குரலுக்குரியது. கேம்பிரிட்ஜ் அறிஞர் எம். ஆர். ஜேம்ஸ் பழஞ்சுவடி ஆராய்ச்சியில் பெரும்பெயர் பெற்றவர். கிங்ஸ் கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர். அவருடைய பேய்க்கதைகள் அச்சுக்காக எழுதப்பட்டவை அல்ல. 1893இல் நண்பர் சங்கம் ஒன்றில் இரண்டு கதைகளை வாசித்தார். பின்னர் கிறிஸ்துமஸ் காலத்தில் தம் அறையில் கதை வாசிப்பது வழக்கமாயிற்று. கைப்படியுடன் வந்து, ஒன்றைத் தவிர மற்ற மெழுகுவத்திகளை ஊதி அணைத்துவிட்டு, அந்த ஒற்றை ஒளியில் அமர்ந்து வாசிப்பாராம். 1904இல்தான் அவை தொகுப்பு நூலாயின. அவருடைய புகழ்பெற்ற கதையொன்றில் இடிபாட்டில் கிடைத்த பழைய ஊதுகுழலைப் பேராசிரியர் ஒருவர் ஊதிவிடுகிறார். அந்த ஒலி கேட்டு ஏதோ வருகிறது. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. அச்சுப் பக்கத்தில் அடுத்த பத்தியை ஓரக்கண்ணால் பார்த்து நாம் தைரியம் தேடிக்கொள்ளலாம். கேட்பவன் அதைச் செய்ய முடியாது. வாசிப்பவர் தரும் வேகத்தில்தான் கதவு திறக்கும். ஜேம்ஸின் கதைகளை ஒலிநூலாகக் கேட்ட இரவு, அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிக்க நாம் மனைவியை எழுப்பினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இவ்விடத்தில் ஒரு பழைய நினைவைச் சொல்லியாக வேண்டும். முதுகலை பயின்ற நாட்களில் விடுதியில் அடுத்த அறையில் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருந்தார். நாங்கள் நான்கைந்து பேர் முறைபோட்டுப் பாடநூல்களைப் படித்துக் கேசட்டில் பதிந்து கொடுப்போம். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ நம் பங்குக்கு வந்தது. நள்ளிரவு, பிண வாடை, பிச்சைக்காரப் பெண் என்று எல்லாம் கூடிய கதை. குரலைத் தாழ்த்தியும் இழுத்தும் நடுக்கியும் மிகுந்த உற்சாகத்தோடு பதிந்து கொடுத்தோம். மறுநாள் நண்பர் கேசட்டைத் திருப்பித் தந்தார்.

“நீ படிச்சா போதும்டா. பயப்படறதா வேண்டாமாங்கறத நான் பாத்துக்கறேன்.”

மறுபடியும் நடிக்காமல் வாசித்துப் பதிந்தோம். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் மேசையை மூன்று முறை தட்டச் சொன்னார். நாடாவை ஓட்டும்போது அடையாளம் பிடிக்க. சீவர்ட் யோசிக்காததை அவர் யோசித்திருந்தார். அன்று அவர் சொன்னதை நாம் ஒரு கிண்டலாகவே எடுத்துக்கொண்டோம். அது பேசும் நூலின் அடிப்படை வழக்குகளில் ஒன்று என்பது இப்போதுதான் புரிகிறது.

பேசும் நூலை உண்மையில் உருவாக்கியவர்கள் பார்வையற்றோரும் அவர்களுக்காக உழைத்தோருமே. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்கள் பலர் வளர்ந்த வயதில் பிரெயில் கற்க இயலாமல் தவித்தார்கள். பிரிட்டனில் இதற்காகப் பாடுபட்ட இயன் ஃபிரேசர் அப்படி 1916இல் சோம் போர்க்களத்தில் பார்வை இழந்தவர். அமெரிக்காவில் 1931ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பார்வையற்றோர் நூல்களுக்கென ஆண்டுக்கு 1,00,000 டாலர் ஒதுக்கியது. பார்வையற்றோர்க்கான அமெரிக்க அறக்கட்டளை, நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் தட்டுகளை உருவாக்கியது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 15 நிமிட வாசிப்பு அடங்கியது. 1934இல் வெளிவந்த முதல் நூல்களில் திருப்பாடல்களும் ஷேக்ஸ்பியரும் கிப்ளிங்கும் வோட்ஹவுஸும் இருந்தார்கள். 1935இல் பிரிட்டன் தொடங்கியபோது அகதா கிறிஸ்டியின் கொலைக்கதை ஒன்றும் கான்ராடின் ‘டைஃபூன்’ நாவலும் யோவான் நற்செய்தியும் முன்வரிசையில் நின்றன. கொலையும் வேதமும் ஒரே அலமாரியில்! வாசகர்களின் உண்மையான பசி அதுதானே.

இத்தட்டுகளை மற்றவர்க்கு விற்கக் கூடாது, வானொலியில் ஒலிபரப்பக் கூடாது என்பது பதிப்பாளர்களோடு செய்த உடன்பாடு. எனவே கொலம்பியா நிறுவனம் 1948இல் எல்.பி. இசைத்தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்து உலகம் வியந்தபோது, அதே 33⅓ சுற்றில் பார்வையற்றோர் பதினான்கு ஆண்டுகளாக நாவல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்பது படிப்பாகுமா என்ற வழக்கும், வாசிப்பவர் நடிக்கலாமா என்ற வழக்கும் அவர்களிடையே அப்போதே நடந்தாயிற்று. குரல் நூலுக்கும் தமக்கும் இடையில் வந்து நிற்கக் கூடாது என்றவர்களும் இருந்தார்கள், நாடகப் பாங்கை விரும்பியவர்களும் இருந்தார்கள். நம் நண்பர் முதற்கட்சி.

அலெக்சாண்டர் ஸ்கூர்பி என்ற நடிகர் 1937 முதல் அவ்வறக்கட்டளைக்காக நானூறு நூல்களுக்கு மேல் வாசித்தார். 1953இல் வந்த ‘தி பிக் ஹீட்’ என்னும் படத்தில் அவர் கொடிய வில்லன். கண்ணற்றோர்க்கோ தீர்க்கதரிசியின் குரல். கிங் ஜேம்ஸ் விவிலியம் முழுவதையும் அவர் பதிந்திருக்கிறார். ஏறத்தாழ 70 மணி நேரம் ஓடும். நாம் கேட்டது பத்து மணி நேரம் இருக்கலாம். அதில் நம்மை அசைத்தது புகழ்பெற்ற பகுதிகள் அல்ல. இன்னார் இன்னாரைப் பெற்றார் என நீளும் வம்ச வரலாறுகள். அச்சில் அவற்றை எப்போதும் தாண்டியே போயிருக்கிறோம். காது தாண்டாது. நாலைந்து பெயர் கடந்ததும் அதுவே ஓர் ஓசையாகி, பிறப்பும் இறப்பும் அலை அலையாய் வருவது போலாயிற்று. ஸ்கூர்பி எதையும் அழுத்திச் சொல்வதில்லை. அதனாலேயே இது நடந்தது.

சமய நூல் காதுக்கு வருவது திரும்பி வருவதேயாகும். புனித அகஸ்டின் தம் ‘அறிக்கைகள்’ நூலில், நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் அம்புரோசு வாய் அசையாமல் கண்ணால் மட்டும் படித்ததை ஒரு செய்தியாகவே பதிவு செய்கிறார். ஏன் அப்படிப் படித்தார் என்று காரணங்களும் தேடுகிறார். அதே நூலின் பத்தாம் பகுதியில் அவர் படும் வேதனை இன்னும் கூர்மையானது. ஆலயத்தில் பாடப்படும் பொருளைவிடப் பாடலின் இனிமை தம்மை ஈர்க்கும்போது தாம் பாவம் செய்வதாக உணர்கிறார். அலெக்சாண்ட்ரியாவின் அத்தனாசியுஸ், பாடுவதைவிடப் பேசுவதற்கு நெருக்கமாகத் திருப்பாடல்களைச் சொல்லவைத்ததை நினைத்துப் பார்க்கிறார். அப்படியே செய்துவிடலாமா என்று மனம் ஊசலாடுகிறது. அத்தனாசியுஸ் சொன்னதும் விடுதி நண்பர் சொன்னதும் ஒன்றுதான்.

இந்த ஊசலாட்டத்துக்கு ஒரு மரபு திட்டவட்டமான வழி கண்டிருக்கிறது. குர்ஆன் என்ற சொல்லே ஓதப்படுவது என்ற பொருளுடையது. ஓதுவதற்கான உச்சரிப்பு நெறிகளை எழுத்து முழுமையாகக் காட்டாது. ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் காதுக்கே அவை செல்ல வேண்டும். எகிப்தில் லபீப் அஸ்ஸயீத் என்பவர் இம்மரபு தேய்ந்துவிடுமோ என்று அஞ்சி, முழுமையாக ஒலிப்பதிவு செய்யும் திட்டத்தை முன்வைத்தார். மஹ்மூத் கலீல் அல் ஹுஸரி ஓத, 1961இல் அது இசைத்தட்டுகளாக வெளிவந்தது. அலங்காரமான ஓதுமுறை ஒன்றும் சீரான நடையில் செல்லும் ஓதுமுறை ஒன்றும் உண்டு. பதிவுக்குத் தேர்ந்தது சீரானதையே. அதை இசை என்று அழைப்பதை மரபாளர் ஏற்கமாட்டார். அரபு அறியாத நம் காதுக்கு அது இசையாகவே விழுந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அகஸ்டினின் பாவம் நம்மையும் பற்றியது!

வேதத்துக்கும் சுருதி என்கிறோம், தம்பூரா எழுப்பும் ஆதார ஒலிக்கும் சுருதி என்கிறோம். ‘கேட்கப்பட்டது’ என்ற ஒரு வேர் சமயத்துக்கும் இசைக்கும் பொதுவாக நிற்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் பாரதம் ‘படிக்கிறார்கள்’; ஊர் கூடிக் கேட்கிறது. அந்த ஊராரைப் பாரதம் படிக்காதவர்கள் என்று சொல்ல எவருக்கேனும் நா எழுமா? வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்தார்; கல்லாதவனும் கேட்க வேண்டும் என்பது அங்கே ஒரு கருத்து. அதை ஆண்டுதோறும் பாடம் நடத்திவிட்டுத்தான் ஒலிநூலை ஏளனம் செய்திருக்கிறோம்.

1952இல் நியூயார்க்கில் பார்பரா கோஹன், மரியான் ரோனி என்னும் இருபத்திரண்டு வயதுப் பெண்கள் இருவர், கவிஞர் டிலன் தாமஸைப் பிடித்து வாசிக்க வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். தட்டின் மறுபக்கத்தை நிரப்பச் சேர்த்த கிறிஸ்துமஸ் நினைவுக் கட்டுரைதான் பெரும்புகழ் பெற்றது. எட்கர் ஆலன் போவின் திகில் கதைகளை பேசில் ராத்போன் வாசித்ததும் இந்நிறுவனத்துக்காகவே. அவர்கள் அதற்கு இட்ட பெயர் கேட்மன். வரலாற்றாசிரியர் பீட் சொல்லும் கதைப்படி, ஏழாம் நூற்றாண்டில் விட்பி மடத்து மாட்டுக்காரர் கேட்மன். விருந்தில் யாழ் தம்மை நோக்கி வரும்போது பாடத் தெரியாத வெட்கத்தால் எழுந்து போய்விடுவார். ஒருநாள் கனவில் பாடும்படி கட்டளை வந்தது. அதன் பின் துறவியர் வேதத்தை வாசித்துச் சொல்ல, கேட்டதை அசைபோட்டுப் பாட்டாக்கினார். எழுத்தறியாத ஒரு கேட்பாளர் ஆங்கிலத்தின் முதற் கவிஞர். ஒலிநூல் வணிகத்துக்கு இதைவிடப் பொருந்திய பெயர் வேறு இருக்க முடியாது.

இனி இசை நூல்கள். நம்மை ஏமாற்றியவை இவையே, சுருக்கமாகவே சொல்கிறோம். அலெக்ஸ் ராஸ் 2007இல் வெளியிட்ட ‘தி ரெஸ்ட் இஸ் நாய்ஸ்’ இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய இசையின் அருமையான வரலாறு. 1906இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஸ்ட்ராஸின் ‘சலோமே’ அரங்கேறிய மாலையில் தொடங்குகிறது. திரை உயர்கிறது, கிளாரினெட் ஒன்று மேலேறுகிறது என்று குரல் சொல்கிறது; ஆனால் கிளாரினெட் ஒலிக்கவில்லை. அச்சுப் பக்கம் எல்லாவற்றுக்கும் மௌனமாக இருப்பதால் அங்கே இக்குறை தெரிவதில்லை. ஒலிக்கும் கருவி ஒன்று ஒலியைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒலிக்க மறுப்பதைத்தான் தாங்க முடியவில்லை. பந்தியில் அமர்த்திப் பாயசத்தின் செய்முறையைச் சொல்வது போல. இசைப்பதிவுகளைச் சேர்ப்பதற்கு உரிமைச் சிக்கல்கள் உண்டு. ராஸ் தம் இணையதளத்தில் மாதிரிகளைக் கேட்க வைத்து நூலுக்குத் துணை செய்தார் என்பதும் உண்மை.

1973இல் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் ஹார்வர்டில் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் நேர்மாறு. பியானோவின் முன் அமர்ந்து, சொல்லி, வாசித்து, மறுபடி சொன்னார். 1976இல் அது நூலானபோது இசைத்தட்டுகளையும் இணைத்தே வெளியிட்டார்கள். இசைஞர் தம் வாழ்க்கையைத் தாமே வாசிப்பது இன்னொரு வழி. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2016இல் தம் தன்வரலாற்றைத் தாமே வாசித்தார். பாட்டு இல்லை, ஆனால் பாடும் தொண்டை இருக்கிறது, தந்தையைப் பற்றிய பகுதிகளில் அது போதுமானதாக இருக்கிறது. பாப் டிலனின் நினைவுநூலை 2004இல் வாசித்தவர் நடிகர் ஷான் பென். நன்றாகவே வாசிக்கிறார், ஆனாலும் அந்தத் தொண்டையை அறிந்தவர்க்கு அது மொழிபெயர்ப்புப் போலிருக்கும். அதே டிலன் நோபல் பரிசுக்கான உரையை 2017இல் எழுதி அனுப்பியதோடு நில்லாமல், பின்னணியில் மெல்லிய பியானோ ஒலிக்கத் தாமே பேசியும் பதிந்தார். பாடல்கள் பாடப்படுவதற்கே, படிக்கப்படுவதற்கல்ல என்பது அவ்வுரையின் முடிவான வாதம். அதை எழுத்தில் படித்தவரைவிடக் கேட்டவர் எளிதில் ஒப்புக்கொள்வார்.

ஐந்தாம் வாரம் அந்த விடுதி நண்பரைத் தொலைபேசியில் அழைத்தோம். இப்போது அரசுப் பள்ளியொன்றில் தமிழாசிரியர். கேசட்டுகள் போய் வெகுகாலமாயிற்று; கணினியின் இயந்திரக் குரலில், நம்மால் ஒரு சொல்கூடப் பிரித்தறிய முடியாத வேகத்தில் படிக்கிறார். மனிதக் குரலில் இவ்வளவு நல்ல ஒலிநூல்கள் வந்துவிட்டனவே, ஏன் இன்னும் அந்த இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர் என்றோம்.

“அது நடிக்காதுடா,” என்றார்.

பிறகு, நாம் கேட்ட நூல்களையெல்லாம் விசாரித்தார். பேய்க்கதைகளைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். விவிலியத்தின் பெயர்ப் பட்டியல்களைத் தாமும் விரும்பிக் கேட்பதுண்டு என்றார். இசை நூல்கள் பற்றிய நம் புகாரைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆறு வாரம்தானே உனக்கு? பாட்டப் பத்தி எதுக்குக் கேக்கற, பாட்டையே கேளேன்,” என்று சொல்லி, வகுப்புக்கு மணி அடித்துவிட்டதாகக் கூறி வைத்துவிட்டார்.